ஸ்பானிஷ் கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கட்டுறதுக்கு முன்னாடி, 50 மணி நேரம் போட்டுப் பாருங்க



போன மாசம் நம்ம சேனல்ல 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' வீடியோ போட்டிருந்தேன் இல்லையா, அதுக்குக் கீழே திருப்பூர்ல இருந்து ஒரு தங்கை கேட்டிருந்தாங்க: "அக்கா, நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன். சம்பளம் 24,000. எங்க பையர்ல ஒருத்தர் ஸ்பெயின். ஸ்பானிஷ் தெரிஞ்சா அந்த அக்கவுண்டை எனக்கே தருவேன்னு எம்.டி. சொல்றார். ஒரு ஆன்லைன் கோர்ஸ் 60,000 ரூபாய், மாசம் 5,000 வீதம் 12 மாசம் இ.எம்.ஐ. போடலாமா?"

கேள்வி சின்னதுதான். ஆனா பதில் ஒரு கமெண்ட்ல அடங்காது. காரணம், இதே தப்பை நான் பண்ணியிருக்கேன். அதனால இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டுக்கு லீவு. ஸ்பானிஷ் கத்துக்கிறதுக்கு எவ்வளவு பணம், எவ்வளவு நேரம் ஆகும், லெவல் பார்த்துச் சின்னச் சின்ன வீடியோக்கள் மூலமா அதை எப்படி ஆரம்பிக்கலாம், காசு எந்த இடத்துல செலவு பண்ணலாம் என்று ஒரு ஆடிட்டர் கண்ணோட பார்த்துடலாம்.

முதலில் என் நஷ்டக் கணக்கு

2021-ல் நான் ஒரு ஷேர்ட் சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன். எங்கள் டீமுக்குக் கொலம்பியா, மெக்சிகோ நாட்டுக் கணக்குகள் வந்தன. மீட்டிங் ஆங்கிலத்தில் தொடங்கும்; பத்து நிமிஷத்தில் அவர்கள் தங்களுக்குள் ஸ்பானிஷுக்குப் போய்விடுவார்கள். நான் மியூட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். 'இது சரிப்படாது' என்று ஒரு இன்ஸ்டிடியூட்டில் 34,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஏ1, ஏ2 இரண்டு லெவலும் சேர்த்து 80 மணி நேரம்.

பேப்பர்ல பார்த்தா ஒரு மணி நேரத்துக்கு 425 ரூபாய். நல்ல டீல்தான். ஆனா குவார்ட்டர் குளோசிங் வந்துச்சு, குழந்தைக்கு உடம்பு சரியில்லாம போச்சு, ரெண்டு கிளாஸ் விட்டேன். மூணாவது கிளாஸுக்குப் போனா எல்லாரும் இறந்தகாலத்துக்குப் போயிட்டாங்க. வெட்கப்பட்டுக்கிட்டு அடுத்த கிளாஸும் போகல. மொத்தம் நான் உட்கார்ந்தது 14 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி. ஆக 21 மணி நேரம். 34,000-ஐ 21-ஆல் வகுங்க. ஒரு மணி நேரத்துக்கு 1,619 ரூபாய்!

இன்ஸ்டிடியூட் மேல தப்பு சொல்ல மாட்டேன். வாத்தியார் நல்லாத்தான் நடத்தினார். தப்பு எங்கே என்றால், பழக்கம் உருவாவதற்கு முன்னாடியே நான் பணத்தைக் கட்டினேன். ஜிம்முக்கு வருஷ மெம்பர்ஷிப் எடுக்கிற அதே மனக்கணக்கு. 'காசு கட்டிட்டா போய்த்தானே ஆகணும்' என்று நினைக்கிறோம். ஆனா கட்டின காசு நம்மை இழுத்துக்கிட்டுப் போகாது. ரெண்டு மாசத்துல அது 'சங்க் காஸ்ட்', மூழ்கிப்போன செலவு ஆகிடும்.

என் விஷயத்தில் நல்லவேளை, சேமிப்பில் இருந்து கட்டினேன். திருப்பூர் தங்கைக்கு அது கடன். இங்கே ஒரு விஷயம் கவனிங்க. இந்த மாதிரி கோர்ஸ் இ.எம்.ஐ. பெரும்பாலும் ஒரு வங்கியோ என்.பி.எஃப்.சி.யோ கொடுக்கும் கடன். கோர்ஸ் நடத்துபவருக்கு மொத்தப் பணமும் முதலிலேயே போய்விடும். நீங்கள் மூன்றாவது மாசம் கிளாஸை நிறுத்தினாலும் இ.எம்.ஐ. நிற்காது. கட்டாமல் விட்டால் உங்கள் கிரெடிட் ஸ்கோர்தான் அடிவாங்கும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது 'ஸ்பானிஷ் கிளாஸ்ல டீச்சர் வேகமா பேசினாங்க சார்' என்று மேனேஜர்கிட்ட சொல்ல முடியாது.

வரிச்சலுகை ஏதாவது கிடைக்குமா என்று ஒரு சிலர் கேட்பீங்க. கிடைக்காது. டியூஷன் ஃபீஸுக்கான வரிச்சலுகை பிள்ளைகளின் முழுநேரப் படிப்புக்கு மட்டும். நீங்கள் படிக்கும் தனியார் மொழி வகுப்பு அதில் வராது.

லெவல் என்றால் என்ன?

ஐரோப்பாவில் மொழித் திறனை அளக்க 2001-ல் இருந்து ஒரு பொதுவான அளவுகோல் இருக்கு. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி. ஏ1 என்றால் பேர், ஊர், விலை கேட்பது. பி1 என்றால் பழக்கமான விஷயத்தைச் சமாளிப்பது. பி2 வந்தால் ஆபீஸ் மீட்டிங்கில் வாயைத் திறக்கலாம். சி2 என்றால் அந்த மொழியில் எதையும் சிரமமில்லாமல் படித்து, கேட்டு, நுணுக்கமாகப் பேசும் நிலை.

வீடியோ உலகத்தில் இதையே வேறு பெயரில் சொல்வார்கள். இதில் எனக்கு அதிகம் உதவியது 'ட்ரீமிங் ஸ்பானிஷ்'. பாப்லோ ரோமான் என்ற ஸ்பெயின்காரர் ஆரம்பித்தது. அங்கே வீடியோக்களை சூப்பர் பிகினர், பிகினர், இண்டர்மீடியட், அட்வான்ஸ்டு என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு கிடையாது. இலக்கணப் பாடம் கிடையாது. பேசுபவர் ஸ்பானிஷிலேயே பேசுவார், நமக்குப் புரியும் மாதிரி பேசுவார். அவ்வளவுதான்.

சூப்பர் பிகினர் வீடியோ எப்படி இருக்கும்? ஒருத்தர் வெள்ளைப் பலகையில் ஒரு வீடு வரைவார். 'காசா' என்பார். அதுக்குப் பக்கத்துல ஒரு நாய். 'பெறோ'. நாய் வீட்டுக்கு உள்ளே ஓடுது, வெளியே வருது. கையைக் காட்டி, முகத்தைச் சுளித்து, அதே வார்த்தையைப் பத்து தடவை சொல்வார். பாட்டி குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது 'நிலா பாரு, நிலா எங்கே, அதோ நிலா' என்று சொல்கிற அதே முறை.

பிகினருக்கு வந்தால் படம் குறையும், பேச்சு கொஞ்சம் நீளும். இண்டர்மீடியட்டில் ஒருவர் கேமராவைப் பார்த்து தன் ஊர்ச் சாப்பாடு, சின்ன வயசுக் கதை என்று பேசுவார். வேகம் மிதமாக இருக்கும், படம் அநேகமாக இருக்காது. அட்வான்ஸ்டில் இரண்டு பேர் இயல்பான வேகத்தில் அரட்டை அடிப்பார்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் கருத்து பழசு. ஸ்டீஃபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் சொன்னது: புரிகிற செய்தியைத் தொடர்ந்து கேட்டாலே மொழி உள்ளே இறங்கும், அந்தச் செய்தி நம் இப்போதைய லெவலைவிட ஒரே ஒரு படி மேலே இருந்தால் போதும். எல்லா அறிஞர்களும் இதை முழுசா ஏத்துக்கல. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளைப் பார்த்த மெரில் ஸ்வெய்ன், கேட்டால் மட்டும் போதாது, பேசியும் எழுதியும் ஆகணும் என்று சொன்னார். ரெண்டு பேர் சொன்னதும் நமக்கு வேணும். எந்தக் கட்டத்தில் எது என்பதை கீழே சொல்றேன்.

நான் செஞ்ச ரெண்டாவது தப்பு: லெவல் ஈகோ

2023-ல் வீடியோ பக்கம் வந்தப்போ, 'நான்தான் 21 மணி நேரம் கிளாஸ் போயிருக்கேனே, சூப்பர் பிகினர் எல்லாம் குழந்தைங்களுக்கு' என்று நேரா இண்டர்மீடியட் பார்த்தேன். மூணு மாசம். ஒவ்வொரு வீடியோலயும் பத்து வார்த்தை காதுல விழும். அதை வெச்சு மீதியை நானே கற்பனை பண்ணிக்குவேன். ஒருத்தர் தன் கல்யாணத்தைப் பத்திப் பேசுறார்னு நெனச்சு முழுசா பார்த்தேன். கடைசில பார்த்தா அவர் வீடு மாத்தின கதை. 'கசார்' என்றால் கல்யாணம் பண்ணிக்கொடுப்பது, 'காசா' என்றால் வீடு. எனக்கு ரெண்டும் ஒண்ணாவே கேட்டிருக்கு!

ஷேர் மார்க்கெட்ல புதுசா வந்தவர் நேரா ஆப்ஷன் டிரேடிங் பண்ற மாதிரிதான் இது. வெட்கத்தை விட்டு நாய், வீடு, ஆப்பிளுக்குத் திரும்பி வந்த பிறகுதான் காது திறந்தது.

உங்க லெவல் எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை இருக்கு. ஐந்து நிமிஷ வீடியோ ஒன்றை சப்டைட்டில் இல்லாமல் பாருங்க. முடிந்ததும், அதில் என்ன நடந்தது என்று பக்கத்துல இருக்கறவங்ககிட்ட தமிழ்ல சொல்லுங்க.

- கதையைக் கோர்வையா சொல்ல முடிஞ்சா, அது உங்க லெவல்.
- உதிரி உதிரியா வார்த்தைகள்தான் ஞாபகம் இருக்குன்னா, ஒரு படி கீழே இறங்குங்க.
- ஒரு வார்த்தைகூட விடாம புரிஞ்சு கொட்டாவி வந்தா, ஒரு படி மேலே போங்க.

மூணு வீடியோல இதைச் செஞ்சாப் போதும், தெரிஞ்சிடும்.

தமிழ் பேசுறவங்களுக்கு இருக்கிற ஓப்பனிங் பேலன்ஸ்

புதுக் கணக்கு தொடங்கும்போது கையில் இருக்கும் சொத்தை முதலில் எழுதுவோம். ஸ்பானிஷ் விஷயத்தில் நம்ம கையில நிறைய இருக்கு. கோர்ஸ் புத்தகங்கள் ஆங்கிலம் பேசுறவங்களுக்காக எழுதினது என்பதால இதை அதுல சொல்ல மாட்டாங்க.

முதலாவது, வினைச்சொல். 'வந்தேன்' என்று சொன்னாலே 'நான்' என்பது அதுக்குள்ள இருக்கு. ஸ்பானிஷும் அப்படித்தான். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். தனியா 'நான், நீ' தேவையில்லை.

இரண்டாவது, 'எனக்கு'. 'எனக்கு காபி பிடிக்கும்' என்பதை ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே' என்பார்கள். 'மே' என்றால் 'எனக்கு'. 'எனக்குத் தலை வலிக்குது' என்பது 'மே துவேலே லா கபேசா'. ஆங்கிலம் பேசுறவங்க இந்த இடத்துல தலையைப் பிச்சுக்குவாங்க. நமக்கு இது வீட்டுப் பேச்சு.

மூன்றாவது, நீ–நீங்கள். ஸ்பானிஷில் 'தூ', 'உஸ்தேத்'. மாமனார்கிட்ட எப்படிப் பேசணும், தம்பிகிட்ட எப்படிப் பேசணும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். ஸ்பெயினில் ஆபீஸிலும் சீக்கிரமே 'தூ'-வுக்கு வந்துவிடுவார்கள். கொலம்பியாவில் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தேத்' சொல்வார்கள்.

நான்காவது, ஒலி. 'பெரோ' என்று சின்ன ர போட்டால் 'ஆனால்'. 'பெறோ' என்று பெரிய ற-வை நாக்கை உருட்டி அழுத்தினால் 'நாய்'. 'மஞானா' என்றால் நாளை; அந்த 'ஞ' நம்ம ஞாயிறு, ஞாபகத்துல வர்றதுதான். 'நாதா' என்றால் 'ஒண்ணுமில்லை'. நடுவில் வரும் 'த' நம்ம 'அது'வில் வருகிற மென்மையான த மாதிரி.

ஐந்தாவது, போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொற்கள். போர்ச்சுக்கீஸும் ஸ்பானிஷும் அக்கா தங்கை. அதனால நம்ம 'மேசை' அங்கே 'மேசா', நம்ம 'அலமாரி' அங்கே 'அர்மாரியோ'. இலங்கைத் தமிழ்ல சொல்ற 'சப்பாத்து' அங்கே 'சபாதோ'.

சரி, பொறுப்புப் பக்கத்துல என்ன இருக்கு? எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால். மேசை பெண், அலமாரி ஆண். இதுக்குத் தமிழில் கைப்பிடி இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் வரும். அப்புறம் 'இரு' என்பதற்கு 'சேர்', 'எஸ்தார்' என்று ரெண்டு வினை. எனக்கு உதவின குறுக்குவழி: 'அவர் டாக்டர்' என்று தமிழில் வினையே இல்லாமல் முடிகிற இடத்தில் பெரும்பாலும் 'சேர்'. 'அவர் வீட்ல இருக்கார்', 'களைப்பா இருக்கார்' என்று 'இரு' வரும் இடத்தில் பெரும்பாலும் 'எஸ்தார்'. எல்லா இடத்திலும் பொருந்தாது ('அழகா இருக்கா' என்பதற்கு வழக்கமா 'சேர்'தான்). ஆனா தொடக்கத்துக்குப் போதும்.

ஷார்ட்ஸ் வேற, சின்ன வீடியோ வேற

'அக்கா, நான் தினமும் ஸ்பானிஷ் ரீல்ஸ் பார்க்கிறேனே' என்று சொல்வீங்க. 'ஒரே நிமிஷத்தில் 10 ஸ்பானிஷ் வார்த்தை' என்கிற ரீல்ஸில் ஆங்கிலத்தில் அர்த்தம், ஸ்பானிஷில் ஒரு வார்த்தை, பின்னாடி ஒரு பாட்டு. அறுபது விநாடியில் ஸ்பானிஷ் காதில் விழுவது பத்து விநாடிதான் இருக்கும். பார்க்கும்போது கத்துக்கிட்ட மாதிரி ஒரு திருப்தி. மறுநாள் கேட்டா ஒண்ணும் ஞாபகம் இருக்காது.

நான் சொல்ற சின்ன வீடியோ ஐந்து முதல் பதினைந்து நிமிஷம். முழுக்க ஸ்பானிஷ். ஆரம்பம், நடு, முடிவு என்று ஒரு விஷயம் இருக்கும். ஒரே வார்த்தை வேற வேற இடத்துல திரும்பத் திரும்ப வரும். அப்பத்தான் அது மனசுல ஒட்டும்.

ஆங்கில சப்டைட்டிலைத் தயவுசெஞ்சு அணைச்சிடுங்க. அது ஓடினா நீங்க படிக்கிறது ஆங்கிலம். தெருவுல மக்களைப் பிடித்துக் கேள்வி கேட்கும் 'ஈஸி ஸ்பானிஷ்' வீடியோக்களில் இரண்டு மொழி சப்டைட்டிலும் திரையிலேயே இருக்கும். அதை நான் கொஞ்சம் முன்னேறிய பிறகு, கீழ்ப் பகுதியை ஒரு காகிதத்தால் மறைத்துப் பார்த்தேன். சிரிக்காதீங்க, வேலை செஞ்சது!

புரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி அகராதி பார்க்காதீங்க. ஆடிட்ல நாங்க எல்லா வவுச்சரையும் பார்க்கிறதில்லை. 'மெட்டீரியாலிட்டி' என்று ஒன்று வெச்சிருக்கோம். மொத்தப் படத்தை மாத்துகிற அளவுக்குப் பெரிசா இருந்தாத்தான் தோண்டுவோம். இங்கேயும் அதே விதி. ஒரு வார்த்தை தெரியாததால கதையே பிடிபடலைன்னா மட்டும் பாருங்க. இல்லைன்னா விடுங்க, முக்கியமான வார்த்தையா இருந்தா அதுவே திரும்பி வரும்.

இப்போ நேரக் கணக்கு

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு எளிதான மொழிகள் பட்டியலில் ஸ்பானிஷை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் மொழிகளில் வேலை செய்யும் அளவுக்கு வர அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது 600 முதல் 750 வகுப்பு மணி நேரம், வீட்டுப் படிப்பு தனி. ட்ரீமிங் ஸ்பானிஷ் தன் பாதையை 50, 150, 300, 600, 1,000, 1,500 மணி என்று பிரிக்கிறது. அவர்கள் கணக்கில் 300 மணியில், ஒருவர் பொறுமையாகப் பேசினால் புரியும். 600-ல், இயல்பாக உங்களிடம் பேசினால் புரியும்.

தினமும் 30 நிமிஷம் என்று வைத்துப் பார்ப்போம்:

- 50 மணி: 100 நாள்
- 150 மணி: 300 நாள்
- 300 மணி: 600 நாள், அதாவது சுமார் 1 வருஷம் 8 மாசம்
- 600 மணி: 1,200 நாள், அதாவது சுமார் 3 வருஷம் 3 மாசம்

தினமும் ஒரு மணி நேரம் போட்டால் இது பாதியாகும்.

இந்தப் பட்டியலை ஏன் போட்டேன் தெரியுமா? '90 நாளில் சரளமான ஸ்பானிஷ்' என்று யாராவது விளம்பரம் பண்ணினா, இதை எடுத்துப் பாருங்க. 90 நாளில் 600 மணி என்றால் தினமும் 6 மணி 40 நிமிஷம். வேலைக்குப் போறவங்களால முடியுமா? 'மாசம் 5 சதவீதம் நிச்சய வருமானம்' என்று சொல்றவரை எப்படிப் பார்ப்பீங்களோ, அதே கண்ணோட இதையும் பாருங்க.

என் கணக்கு இப்போ 410 மணி. 2 வருஷம் 4 மாசம் ஆச்சு. என்னிடம் நேராகப் பேசினால் புரியுது, பதில் சொல்றேன், தப்போட சொல்றேன். ரெண்டு ஸ்பெயின்காரங்க ஒரே நேரத்துல சண்டை போட்டா இன்னும் மியூட்ல சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா மீட்டிங்குல 'பாகோ பெந்தியெந்தே' என்று காதில் விழுந்ததும், 'எந்தப் பேமெண்ட் நிலுவையில இருக்கு?' என்று முதல் ஆளா நான் கேட்டேன் பாருங்க, அன்னைக்கு 34,000 ரூபாய் நஷ்டம் மறந்துபோச்சு.

பணம் எப்போ செலவு பண்ணலாம்?

என் விதி: பழக்கம் முதல்ல, பணம் அப்புறம்.

*0 முதல் 50 மணி வரை: பூஜ்ஜியம் ரூபாய்.* யூடியூபில் இலவசமாக இருப்பதே இதுக்குத் தாராளம். ஒரு நோட்டுல தேதி, நிமிஷம், மொத்தம் என்று மூணு காலம் போடுங்க. தினமும் எழுதுங்க. இதுதான் உங்க லெட்ஜர்.

*50 முதல் 300 வரை: சின்னச் சந்தா.* 50 மணியை முடிச்சவங்க ஒரு மாதச் சந்தா எடுக்கலாம். நான் எடுத்தப்போ ட்ரீமிங் ஸ்பானிஷ் மாசம் 8 டாலர். வீடியோக்களைக் கடினம் பார்த்து வரிசைப்படுத்திக் கொடுக்கும், மணிக்கணக்கையும் அதுவே வைத்துக்கொள்ளும். மாதாமாதம் எடுங்க, தேவையில்லைன்னா நிறுத்திடலாம். டாலர்ல போறதால கார்டில் ஃபாரெக்ஸ் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துக்குங்க.

*300-க்கு மேலே: பேசுறதுக்குக் காசு.* மெரில் ஸ்வெய்ன் சொன்னது இங்கே வேலைக்கு வருது. வீடியோ உங்களுக்குக் காதைக் கொடுக்கும், வாயைக் கொடுக்காது. வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம், ஆன்லைனில் ஒரு ஆசிரியரோடு நேருக்கு நேர் பேசுங்க. வகுப்பு வகுப்பா காசு கட்டுங்க. மொத்தமா 50 வகுப்பு பேக்கேஜ் எடுக்காதீங்க. காதுல 300 மணி ஏறின பிறகு போகும்போது, அந்த அரை மணியும் பேச்சுக்கே போகும். ஒண்ணும் தெரியாம போனா, 'காசா என்றால் வீடு' என்பதைக் கத்துக்க மணிக்கு நூத்துக்கணக்குல கட்டுவீங்க.

*சான்றிதழ் கேட்டால் மட்டும்: பரீட்சை.* ஸ்பெயினின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் இன்ஸ்தித்தூத்தோ செர்வாந்தேஸ் தருவது 'டெலே' சான்றிதழ். ஏ1 முதல் சி2 வரை ஒவ்வொரு லெவலுக்கும் தனித் தேர்வு. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. 'சியெலே' என்று இன்னொன்று இருக்கு. கணினியில் எழுதுவது, மதிப்பெண் பார்த்து லெவல் சொல்வார்கள், 5 வருஷம் செல்லும். செர்வாந்தேஸ் மையம் புது டெல்லியில் இருக்கு. கோர்ஸ் முடிச்சதுக்கு இன்ஸ்டிடியூட் கொடுக்கும் காகிதமும் இதுவும் ஒண்ணு இல்லை. கம்பெனி ஹெச்.ஆர். எதைக் கேட்கிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்கிட்டு, அப்புறம் ஃபீஸ் கட்டுங்க.

அப்போ வகுப்பே வேண்டாமா? அப்படிச் சொல்லல. தேதி வெச்சுப் பரீட்சை எழுதணும், எழுத்தும் இலக்கணமும் திருத்த ஒரு ஆள் வேணும்னா வகுப்பு நல்ல செலவுதான். ஆனா 50 மணி முடிச்சவருக்குத்தான் அது செலவுக்கேத்த பலன் தரும். அதுவும் கையில் இருக்கிற பணத்துல.

உங்க வேலைக்கான வார்த்தைகளைத் தனியா எடுங்க

பொது வீடியோ பார்க்கும்போதே, உங்க தொழில் வார்த்தைகள் ஒரு 50-ஐ மட்டும் தனிப் பக்கத்துல எழுதுங்க. துணித் தொழிலுக்கு: பருத்தி 'அல்கோதோன்', சாம்பிள் 'முவேஸ்த்ரா', சைஸ் 'தாயா', ஆர்டர் 'பெதிதோ', டெலிவரி 'எந்த்ரேகா'. கணக்குக்கு: இன்வாய்ஸ் 'ஃபக்தூரா', சொத்து 'ஆக்திவோ', பொறுப்பு 'பாசிவோ'. லெட்ஜரில் பற்றுப் பக்கம் 'தேபே', வரவுப் பக்கம் 'ஆபேர்'.

எண்கள்ல ரெண்டு பள்ளம் இருக்கு, விழுந்துடாதீங்க. ஸ்பெயினில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும். 1.500 என்று எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு. 1,50 என்றால் ஒன்றரை. மெக்சிகோவில் நம்மை மாதிரியே எழுதுவார்கள். இரண்டாவது, ஸ்பானிஷ் 'பியோன்' ஆங்கில பில்லியன் இல்லை. ஆங்கில பில்லியன் 100 கோடி. அதை ஸ்பானிஷில் 'மில் மியோனேஸ்' என்பார்கள். ஸ்பானிஷ் 'பியோன்' என்றால் ஒரு லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

திருப்பூர் தங்கைக்கு என் பதில்

மா, 24,000 சம்பளத்துல 5,000 இ.எம்.ஐ. என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல. இப்போ போடாதே. நாளைக்கு காலையில பஸ்ல போகும்போது ஒரு சூப்பர் பிகினர் வீடியோ, சாயங்காலம் திரும்பும்போது ரெண்டு. நோட்டுல எழுது. 100 நாள்.

அந்த 5,000-ஐ அதே தேதியில மாசாமாசம் ஒரு ஆர்.டி.யில போடு. 100 நாள் முடியும்போது உன் கணக்குல 15,000 ரூபாயும் 50 மணி ஸ்பானிஷும் இருக்கும். அப்புறம் எம்.டி.கிட்ட போய், 'சார், நான் இவ்வளவு தூரம் வந்துட்டேன், கம்பெனி ஃபீஸ்ல பாதி கொடுக்குமா?' என்று கேளு. வெறுங்கையோட கேக்கிறதுக்கும் நோட்டைக் காட்டிக் கேக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஒருவேளை 20-வது நாளே விட்டுட்டேன்னு வெச்சுக்கோ, அப்பவும் உனக்கு நஷ்டம் பத்து மணி நேரம்தான். அறுபதாயிரம் இல்லை.

நண்பர்களே, உங்கள்ல யாராவது ஸ்பானிஷோ வேற மொழியோ கத்துக்க ஆரம்பிச்சுப் பாதியில விட்டிருந்தா, எவ்வளவு கட்டினீங்க, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீங்க, ஒரு மணிக்கு எவ்வளவு ஆச்சுன்னு வகுத்துப் பார்த்து கமெண்ட்ல போடுங்க. என்னோட 1,619-ஐ யாராவது முந்துறீங்களான்னு பார்ப்போம்.

அடுத்த பதிவுல சந்திக்கலாம். அதுவரைக்கும், 'ஆஸ்தா லுவேகோ'!